நாற்பத்தொரு குரல்களும் ஓர் ஆடும்

கேம் கம்பெனியில் என்னோடு புரோகிராம் எழுதிய முபீனா போன் செய்தால் "நல்லா இருக்கீங்களா" என்றெல்லாம் கேட்க மாட்டாள். நேரே விஷயத்துக்குள் குதித்துவிடுவாள். போன வாரமும் அப்படித்தான்.

"அண்ணே, நியூஸ் பாத்தீகளா? அம்புட்டுப் பெரிய கேம் கம்பெனிய இன்னொருத்தன் முழுசா வாங்கிட்டானாம். இங்க ஆபீஸ்ல ஒருத்தனும் வேலை பாக்கல. சின்ன வயசுல வெளையாண்ட கேமெல்லாம் இனி என்னாகும்னு ஒரே பொலம்பல். நீங்க வந்து நம்ம கதையச் சொல்லுங்கண்ணே, அப்பத்தான் அடங்குவானுக."

ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதமும் யாராவது கூப்பிட்டு ஏதாவது கேட்க மாட்டார்களா என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அவள் பேசி முடிப்பதற்குள் சட்டையை மாட்டிவிட்டேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆபீஸ் மாடிப்படி ஏறி, இரண்டு மணி நேரம் பேசினேன். முடித்ததும், இதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்று ஒரு நோட்டையும் பேனாவையும் கையில் திணித்து அனுப்பிவிட்டார்கள். எழுதுகிறேன். மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் முபீனாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் என்னைவிட அதிகமாகவே மிகைப்படுத்துவாள்.

என் பெயர் சுப்புராஜ். அந்தப் பெயரில் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். எல்லோருக்கும் நான் மைக். ஆத்தூரில் மைக் செட் வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று பதினெட்டு வருஷம். அதில் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். எந்தச் சத்தம் கூட்டத்தைத் தாண்டி ஆள் காதுக்குள் போகும், எது பாதி வழியில் செத்துப்போகும் என்பது எனக்குத் தெரியும்.

திண்டுக்கல்லில் ஒரு நிக்காஹ்வுக்கு மைக் கட்டியிருந்தபோதுதான் நசீர் பாய் என்னைப் பிடித்தார். தோல் வியாபாரக் குடும்பம் அவருடையது. தன் பங்காக வந்த தோல் குடோனின் மாடியில் கம்ப்யூட்டர்களைப் போட்டு, போனில் விளையாடும் விளையாட்டுகளைச் செய்யத் தொடங்கியிருந்தார். சொந்தக்காரர்களெல்லாம் அவருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று பேசிக்கொண்டிருந்த நேரம் அது. "கேமுக்குச் சத்தம் போடணும், வர்றியாப்பா?" என்று கேட்டார். நான் ஏதோ கபடிப் போட்டி என்று நினைத்து, "எத்தனை ஹாரன் வேணும் பாய்?" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மணமேடையே திரும்பிப் பார்த்தது. மறு வாரம் வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் ஒலியை வெட்டவும் ஒட்டவும் கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதத்தில் நான் அழித்துத் தொலைத்தவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

நாங்கள் செய்த விளையாட்டின் பெயர் "ரெண்டு விசில்". நீங்கள்தான் டவுன் பஸ் கண்டக்டர். ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் ஏறியவர்கள் எல்லோருக்கும் டிக்கெட் போட்டாக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் ஏறுகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. சண்டை போடுவார்கள், ஸ்டாப்பை மாற்றிச் சொல்வார்கள், தூங்குவார்கள், கத்திரிக்காய் மூட்டையைப் படியில் வைத்துவிட்டு நகர மாட்டார்கள். பட்டன் போனில் முதல் பாகம் வந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. மலேசியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கடிதம் வந்தது. நான் அந்தக் கடிதங்களை வீட்டுக்கு எடுத்துப்போய் சம்பந்தி வரைக்கும் காட்டினேன்.

நசீர் பாயின் வேலை முறையைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. அவர் எந்தச் சத்தத்தையும் அறைக்குள் கேட்க மாட்டார். "ரூம்ல எல்லாமே நல்லாத்தான்பா இருக்கும். வா, பஸ்ல கேப்போம்" என்பார். உச்சி வெயிலில் சித்தையன்கோட்டை டவுன் பஸ்ஸில் ஏறுவோம். டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் பெட்டி ஒட்டிய சீட்டில்தான் உட்கார வேண்டும். இருப்பதிலேயே மட்டமான போனை மடியில் வைக்க வேண்டும், காதுக்குக் கொண்டுபோகக் கூடாது. பஸ் முதல் கியரில் உறுமும்போது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை, ஸ்டாப்பில் நின்று வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள் ஜன்னலில் கத்தும்போது ஒரு தடவை போட்டுக் காட்ட வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சரியாக இருந்தால் ஒரு விரலைத் தூக்குவார். சரியில்லை என்றால் கண்ணைத் திறந்து, "இன்னொருக்கா போயிட்டு வருவோமா?" என்பார். அதற்கு மேல் ஒரு கடுஞ்சொல் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்காகவே எனக்கு வேர்க்கும். ஒரே ஒரு விசில் சத்தத்துக்காகப் பதினொரு நாள் சித்தையன்கோட்டைக்குப் போய் வந்திருக்கிறேன். பதினொன்றாம் நாள் அந்தப் பஸ் கண்டக்டர் தன் விசிலையே என்னிடம் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

பயணிகளின் குரல்களும் அப்படிப் பஸ்ஸில் பிடித்தவைதான். நடிகர்களை வைத்துப் பார்த்தோம், பஸ்ஸில் கேட்டால் எல்லோரும் நாடகம் போட்டார்கள். அதனால் ஒயர் கூடைக்குள் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு ஆத்தூர், சித்தையன்கோட்டை, சிறுமலை அடிவாரம் என்று சுற்றினேன். யாராவது ஜோராகச் சண்டை போட்டால் பிடித்துக்கொள்வேன். பிறகு, "அக்கா, இதக் கேம்ல போட்டுக்கவா?" என்று கேட்பேன். கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது பாய் போட்ட சட்டம். "போட்டுக்க போ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். கேம் என்றால் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. ஸ்டாப்பில் பஸ் நிற்கிற அரை நிமிஷத்தில் பெயரா கேட்க முடியும்? அதனால் அவர்கள் கையில் என்ன இருந்ததோ அதையே நோட்டில் எழுதிக்கொண்டேன். முருங்கைக்காய்க் கட்டு. சைக்கிள் டயர். அலுமினிய அண்டா. சிறுமலை வாழைத்தார். கோழி, உயிருடன். இப்படி நாற்பத்தொரு குரல். பஸ்ஸில் யாரையும் நாம் மூட்டையை வைத்துத்தானே அடையாளம் சொல்கிறோம். எனக்கு அது தப்பாகவே படவில்லை.

அந்த நாற்பத்தொன்றில் ராணி என்றால் அது "ஆட்டுக்குட்டி"தான். ஆட்டோடு ஏறிய ஒரு பெண். கண்டக்டர் ஆட்டுக்கும் டிக்கெட் கேட்டார். அந்த அம்மா பஸ்ஸே அதிரும்படி, "யோவ், என் ஆட்டுக்கு எதுக்குய்யா டிக்கெட்டு? அது நின்னுக்கிட்டுல்ல வருது!" என்றார். இந்த ஒரு வரி எங்களைத் தூக்கி நிறுத்தியது. ரிங்டோனாகப் போனது. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை அழைப்பில் போட்டார்கள். மதுரையில் ஒரு ஆட்டோவின் முதுகில் எழுதியிருந்ததைப் பார்த்து அந்த ஆட்டோவின் பின்னால் நான் ஓடியே போயிருக்கிறேன்.

இனிமேல்தான் கம்பெனி கைமாறிய கதை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பாய்க்கு மூட்டு வலி முற்றிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில். நாற்பது விளையாட்டுகளை வைத்திருந்த ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கிக்கொள்கிறேன் என்றது. பாய் இரண்டே இரண்டு விஷயம் கேட்டார். ஒருத்தருக்கும் வேலை போகக் கூடாது. "ரெண்டு விசில்" முதல் மூன்று பாகங்களும் இன்றைக்கு எப்படி இருக்கின்றனவோ அப்படியே ஜனங்களின் போனில் இருக்க வேண்டும். அவர்கள் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, காகிதங்களைச் சரிபார்க்க ஒரு வக்கீலை அனுப்பினார்கள்.

வித்யா மேடம். சென்னையிலிருந்து வந்தவர். பேசுவதற்கு முன்னால் பென்சிலை நோட்டுக்கு இணையாக வைப்பார். அது நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். ஒவ்வொரு குரலையும் போட்டுக் காட்டச் சொன்னார். நான் மாப்பிள்ளைத் தோரணையில் உட்கார்ந்திருந்தேன்.

"இது யார் குரல்?"

"முருங்கைக்காய்க் கட்டு மேடம்."

பென்சிலை மறுபடி நேராக்கினார். "பெயர்?"

"அதான் மேடம், முருங்கைக்காய்க் கட்டு."

"அடுத்தது?"

"கோழி. உயிருடன்."

நாற்பத்தொன்றும் முடிந்ததும் நோட்டை மூடினார். பிறகு மேடம் நிதானமாகச் சொன்னார். "சார், குரலுக்குச் சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த ஒப்புதல் இல்லாமல் இந்தப் பாகங்களை எங்கள் கம்பெனி வெளியிட முடியாது. பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் கையெழுத்து வராத குரல் எதுவோ, அதை எடுத்துவிட்டுக் கணினிக் குரல் வைப்போம். அந்த வேலைக்கு ஆள் ஒதுக்கும் வரை மூன்று பாகங்களையும் போன்களிலிருந்து நிறுத்திவைப்போம்." எப்போது ஆள் ஒதுக்குவார்கள் என்று பாய் கேட்டார். "உண்மையைச் சொல்லட்டுமா? பழைய விளையாட்டுக்கு யாரும் ஆள் ஒதுக்க மாட்டார்கள்" என்றார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஒப்புதல் வராத குரலைத் தவிர, ஒப்பந்தப்படி பழைய பாகங்களில் ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது. பிழைப் பதிவேட்டில் ஏறிய பிழைகளை மட்டும் திருத்தலாம். பிறகு, மாதிரிக்கு என்று கணினிக் குரலைப் போட்டுக் காட்டினார். "வணக்கம். எனது ஆட்டிற்கு எதற்காகப் பயணச்சீட்டு? அது நின்றுகொண்டு அல்லவா வருகிறது." செய்தி வாசிப்பது போல இருந்தது. நசீர் பாய் கண்ணைத் திறந்தார். என் உழைப்பு முழுவதும் அந்த நாற்பத்தொரு தொண்டைகளில் இருக்கிறது. அது போனால் நான் இத்தனை வருஷம் செய்தது எதுவும் இல்லை. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மூட்டையை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி? எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். பரணிலிருந்து என் பழைய ஹாரன் ஸ்பீக்கர்களை இறக்கினேன். ஒரு லோடு ஆட்டோவில் கட்டினேன். மறுநாள் காலை சித்தையன்கோட்டை பஸ் ஸ்டாப்பில் நின்று முழு வால்யூமில் போட்டேன். "அன்பார்ந்த பொதுமக்களே, இப்போது நீங்கள் கேட்கப்போவது முருங்கைக்காய்க் கட்டு. இந்தக் குரலுக்கு உரியவர் எங்கிருந்தாலும் ஆட்டோவுக்கு வரவும்!"

பத்தே நிமிஷம். எதிர்க் கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். "ஏலே, அது நாந்தேன்! என்னயவா தேடுறீக?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முருங்கைக்காயை விட்டுவிட்டு இப்போது போன் கவர் விற்கிறார். அவர் கவர் மாட்டிக் கொடுத்த போன்களில் அவர் குரலே ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு திருவிழாதான். ஆட்டோ போகிற ஊரிலெல்லாம் ஜனம் கூடியது. "எங்க மாமியா குரலு! இந்தா, சத்தத்தப் பாரு, சாட்சாத் அவுகதேன்" என்று மருமகள்கள் காட்டிக் கொடுத்தார்கள். அலுமினிய அண்டா இரண்டு அக்கா தங்கைகள் என்று தெரிந்தது. பேசியது யார் என்று இருவரும் மறுபடி சண்டை பிடித்தார்கள். இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். கோழிக்காரர், கோழியின் சத்தத்துக்குத் தனியாக ஒரு காகிதம் வேண்டும் என்று அடம் பிடித்தார். வித்யா மேடம் அசராமல் தனிக் காகிதம் எழுதிக் கொடுத்தார். சிறுமலை வாழைத்தார் மட்டும் காலமாகியிருந்தார். மகன் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இன்னொருக்கா போடுங்கண்ணே" என்றான். மூன்று தடவை போட்டேன். ஆட்டோ டிரைவர் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஒன்பதாம் நாள் முடிவில் நாற்பது குரலுக்குக் கையெழுத்து வந்துவிட்டது. பாக்கி ஆட்டுக்குட்டி. அந்தக் குரல் எனதுதான் என்று ஏழு பெண்கள் வந்தார்கள். ஏழு பேரையும் கத்திக் காட்டச் சொன்னேன். ஏழு பேரும் பிரமாதமாகக் கத்தினார்கள், ஒருத்தரும் அவர் இல்லை. இந்தக் காதை ஏமாற்ற முடியாது. கடைசியில் முருங்கைக்காய்க் கட்டுதான் என்னைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னார்.

"அது பேச்சியம்மா. ஆத்தூரு ரோட்டுல ஆடு வளக்குற பொம்பள. நீங்க என்ன கத்துனாலும் வராது. கேமு பேரெடுத்தா வெளக்கமாத்தத் தூக்கும். பாத்துப் போங்க."

கையெழுத்து சாட்சியோடு இருக்க வேண்டும் என்று வழக்கம்போல வித்யா மேடமும் கூட வந்தார். பேச்சியம்மாள் வேப்பமரத்தடியில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் "அக்கா" என்று ஆரம்பித்ததுமே தலையை நிமிர்த்தினார். குரலைக் கேட்டு ஆளை அறிகிறவன் நான். அவரும் குரலைக் கேட்டே என்னை அறிந்துகொண்டார்.

"நீயா? ஒயர் கூடை! இத்தன வருசம் எங்கய்யா போன? உன்னயத்தேன் தேடிக்கிட்டு இருக்கேன்."

வெங்காயத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் இரண்டடி பின்வாங்கினேன்.

"எந்தப் பஸ்ல ஏறுனாலும், ஆத்தா ஆட்டுக்கு டிக்கெட்டு எங்கன்னு கேக்குறானுக. பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ல காசே கெடையாதுன்னு ஆயிப்போச்சு, அப்பவும் ஆட்டக் கேக்குறானுக. எம் மகளப் பொண்ணு பாக்க வந்தவுக, ஓ, டிக்கெட்டு எடுக்காத வீடான்னு சிரிச்சாக. அவ காப்பித் தட்டோட உள்ள ஓடிட்டா. ஒலகமே என்னயத் திருடின்னு சிரிக்குதுய்யா. கையெழுத்தா? ஒரு புள்ளி வைக்க மாட்டேன். அது அழிஞ்சு போகட்டும்."

"அக்கா, எல்லாரும் ஆசையாத்தான் சிரிக்கிறாக..."

"ஆசையாச் சிரிச்சா வலிக்காதா? அன்னைக்கு நான் ஆட்டுக்கு டிக்கெட்டு எடுத்தேனா இல்லயா? நீ பக்கத்துலதான இருந்த. அத மட்டும் சொல்லு."

எடுத்தார். காசை எண்ணிக் கொடுத்து, ஆட்டுக்கு டிக்கெட் வாங்கினார். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். அத்தனையும் பதிவாகியிருந்தது. நான்தான் வெட்டினேன். போனில் இடம் இல்லை என்று இப்போது பொய் சொல்லலாம். இடம் இருந்தது. "நின்னுக்கிட்டுல்ல வருது" என்பதோடு பஸ் வெடித்துச் சிரித்தது, அந்த இடத்தில் நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்று நிறுத்தினேன். அந்த வெட்டை நினைத்து இத்தனை வருஷம் பெருமைப்பட்டேன். அதற்குப் பின்னால் ஒரு பெண் தினமும் பஸ் ஏற வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த வேப்பமரத்தடியில் எனக்கு வந்த வெட்கம் இதை எழுதும்போதும் வருகிறது.

"எடுத்தீங்கக்கா" என்றேன். "நான்தான் பாதியில நிப்பாட்டிட்டேன்."

வித்யா மேடம் என் பக்கம் திரும்பினார். "மீதி எங்கே?"

மீதி வேறெங்கும் இல்லை, விளையாட்டுக்குள்ளேயே இருந்தது. சோம்பேறித்தனத்தில் நான் பதிவை நறுக்காமல், எத்தனையாவது விநாடியில் நிற்க வேண்டும் என்று ஓர் எண்ணை மட்டும் போட்டுவைத்திருந்தேன். முபீனாவைப் போனில் பிடித்தேன். அவள் எண்ணை எடுத்துவிட்டு ஆபீஸிலிருந்தே ஓடவிட, என் போன் ஸ்பீக்கரில் மூவரும் கேட்டோம். பஸ்ஸின் சிரிப்பு. சில்லறைச் சத்தம். கண்டக்டர், "இந்தாங்க, ஆட்டுக்கு டிக்கெட்டு" என்கிறார். பிறகு பேச்சியம்மாள்.

"எடுத்தாச்சுல்ல? எந்திரிய்யா, ஏ கண்ணாடிக்காரு, எந்திரி! டிக்கெட்டு எடுத்த ஆடு, நின்னுக்கிட்டா வரும்? உக்காரணும்ல!"

இதை நான் அடியோடு மறந்திருந்தேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் சிரிக்கப் பயம். பார்த்தால், ஒன்பது நாளாகப் பல்லைக் காட்டாத வித்யா மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார். பென்சில் வெங்காயக் குவியலில் விழுந்து கிடக்கிறது. பேச்சியம்மாள் எங்கள் இருவரையும் பார்த்தார். அவர் உதடும் லேசாகக் கோணியது. உடனே இறுக்கிக்கொண்டார்.

"இத ஊரு ஒலகத்துக்குக் கேக்க வையி. அப்பறம் கையெழுத்தப் பத்திப் பேசு."

அங்கேதான் இடித்தது. பழைய பாகத்தில் ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது என்பது மேடம் கொண்டுவந்த நிபந்தனை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பென்சிலைத் தேடி எடுத்து, முறத்தின் விளிம்புக்கு இணையாக வைத்தார்.

"புதிதாக எதையும் சேர்க்க முடியாது. பிழை என்றால் திருத்தலாம். மைக் சார், இது பிழையா?"

எங்கள் ஆபீஸில் ஒரு பிழைப் பதிவேடு உண்டு. யார் செய்த பிழை, யார் கண்டுபிடித்தது எல்லாம் அதில் ஏறும், ஏறியதை அழிக்க முடியாது. அத்தனை வருஷத்தில் ஒலியின் பேரில் அதில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே எல்லோரையும் கடுப்பேற்றியிருக்கிறேன். இந்த வரியோ நான் செய்ததிலேயே பேர் வாங்கியது. அதைப் பிழை என்று என் கையால் எழுத வேண்டும்.

"பிழைதான் மேடம்" என்றேன்.

முபீனா பதிவேட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள், மேடம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "குறை: பயணி தன் ஆட்டுக்கு டிக்கெட் எடுத்திருந்தும் எடுக்காதவராகக் காட்டப்படுகிறார். காரணம்: ஒலிப்பதிவாளர் சுப்புராஜ் பதிவைப் பாதியில் நிறுத்தியது. கண்டுபிடித்தவர்: பேச்சியம்மாள், ஆத்தூர்." கீழே கையெழுத்துப் போட்டேன். பேச்சியம்மாள் அதை மேடத்தை வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். "எம் பேரு கடைசியா இருக்கு, இவுக பேரு தப்புக்கு நேரா இருக்கு. சரிதேன்" என்றார்.

அப்படியும் கையெழுத்து வாங்க முடியவில்லை. "கேமுல வந்தப்பறம் காட்டு" என்றார். நசீர் பாயிடம் போய்ச் சொன்னேன். முழுப் பதிவையும் சொல்லிக் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, "மாஷா அல்லாஹ். ஆனா ரூம்ல எல்லாமே நல்லாத்தான்பா இருக்கும்" என்று கைத்தடியை எடுத்தார்.

பதினோராம் நாள் உச்சி வெயில். மூட்டு வலியோடு பாய் டவுன் பஸ் படியேறி எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்து பேச்சியம்மாள், பின்னால் ஃபைலோடு வித்யா மேடம், முபீனா, நான். திருத்திய விளையாட்டு, மட்டமான போன், மடியில். முதல் கியரில் ஒரு தடவை போட்டேன். ஓடும்போது ஒரு தடவை. ஸ்டாப்பில் நின்றபோது மூன்றாம் தடவை. "உக்காரணும்ல" என்று வந்ததும் பின் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண்கள், "ஏய், இது புதுசா இருக்குடி!" என்று எட்டிப் பார்த்தார்கள். பாய் கண்ணை மூடியபடியே ஒரு விரலைத் தூக்கினார். நான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் தடவை அவரே பட்டனை அழுத்தினார்.

"இப்பத்தேன் இது நானு" என்றார்.

ஓடும் பஸ்ஸில் ஃபைலை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஸ்பீட் பிரேக்கரில் பஸ் தூக்கிப் போட்டதில் பெயரின் கடைசி எழுத்து காகிதத்துக்கு வெளியே போய்விட்டது. மேடம் பரவாயில்லை என்றார். கோழிக்காரரின் ஞாபகம் வந்ததோ என்னவோ, ஆட்டின் சத்தத்துக்கும் ஒப்புதல் வேண்டுமே என்று கேட்டார்.

"அது எப்பவோ கொழம்பாயிருச்சு தாயி. அதுக்கும் நானே போடுறேன், இங்கிட்டுக் குடு."

கம்பெனி கைமாறியது. மூன்று பாகங்களும் போன்களில் அப்படியே இருந்தன. திருத்திய பாகம் வெளியான முதல் இரண்டு நாள் எங்களுக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சம் இல்லை. "பெரிய கம்பெனிக்காரன் வாங்கினான், எங்கள் ஆட்டுக்குட்டியைக் கெடுத்துவிட்டான்" என்று எழுதித் தள்ளினார்கள். பாதியிலேயே நிறுத்திவிட்டுத் திட்ட வந்தவர்கள் அவர்கள். நானும் ஒரு காலத்தில் பாதியில் நிறுத்தியவன்தானே, அதனால் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் யாரோ கடைசி வரை கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஊரெல்லாம் அந்த இரண்டாவது வரிதான். புது முதலாளிகள், இதை எழுதிய எழுத்தாளர் யார், அவரை அடுத்த பாகத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதினார்கள். வித்யா மேடம் பதில் எதுவும் எழுதாமல், பிழைப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து அனுப்பிவைத்தார்.

பழைய விளையாட்டெல்லாம் என்னாகும் என்று கேட்ட பிள்ளைகளே, அந்தப் பெரிய கம்பெனிகளைப் பற்றி எனக்குத் தெரியாது. நீங்கள் செய்கிற விளையாட்டில் பேசுகிறவர்களின் பெயரையாவது இன்றைக்கே எழுதி வையுங்கள். பேசி முடிக்கும் வரை அவர்களைப் பேச விடுங்கள்.

அந்தத் திருத்திய பாகம் வெளியாகி ஒரு மாதம் இருக்கும். பேச்சியம்மாள் போன் செய்தார்.

"ஏப்பா மைக்கு, இன்னைக்குத் திண்டுக்கல்லுக்குப் போனேன். நிக்க எடமில்ல, அம்புட்டுக் கூட்டம். அந்தக் கண்டக்டரு, எப்பயும் ஆட்டக் கேப்பானே, அவந்தேன். என்னயப் பாத்ததும் ஒரு ஆள எழுப்பிவிட்டு, உக்காருங்க ஆத்தாங்குறான். இன்னைக்கு ஆடு இல்லயேப்பான்னேன். பரவாயில்ல, ஆட்டோட எடத்துல நீங்க உக்காருங்கன்னுட்டான்."

"உக்காந்தீகளாக்கா?"

"பின்ன? திண்டுக்கல்லு வரைக்கும் உக்காந்துல்ல போனேன்!"